பம்ப் ஸ்க்ரூவைத் திருகினால் பழைய லாரிக்கு இழுவை கூடுமா?

கேள்வி: "எங்களிடம் 1998-ம் வருட மாடல் டாடா 407 லாரி இருக்கிறது. டர்போ இல்லாத வண்டி. காவிரிப் படுகையில் வெட்டும் வாழைத்தாரை ஏற்றிக்கொண்டு திருச்சி காந்தி மார்க்கெட்டுக்குப் போய் வருகிறோம். இரண்டு வருடமாக இழுவை குறைந்துகொண்டே வருகிறது. தார் ஏற்றிய பிறகு படுகையிலிருந்து கரைக்கு ஏற முடியாமல் பாதியில் நின்றுவிடுகிறது. போன மாதம் டிராக்டர் வந்து இழுத்துவிடும்வரை காத்திருந்து, மண்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஏலம் முடிந்திருந்தது. அன்றைக்குத் தாருக்குப் பாதி விலைதான் கிடைத்தது. ஒரு மெக்கானிக், பம்ப் ஸ்க்ரூவைத் திருகிவிட்டால் போதும், 1,000 ரூபாயில் முடிந்துவிடும் என்கிறார். இன்னொருவர் டர்போ மாட்டினால் 80,000 ரூபாய் ஆகும் என்கிறார். வண்டியை விற்றுவிடலாம் என்பது அண்ணனின் யோசனை. தை மாத வெட்டுக்குள் ஒரு முடிவு எடுக்க வேண்டும். என்ன செய்யலாம்?"
- வாழை விவசாயி, ஜீயபுரம், ஸ்ரீரங்கம் வட்டம்.

பதில்: ஸ்க்ரூவையும் இப்போது தொட வேண்டாம், டர்போவும் வேண்டாம். இருபது வருடத்துக்கு மேல் ஓடிய வண்டிக்குப் புதிதாகச் சக்தியைச் சேர்ப்பதைவிட, கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்த சக்தி எங்கே போனது என்று தேடிப் பிடிப்பதுதான் மலிவான வழி. பெரும்பாலும் அது ஒரே இடத்தில் போயிருக்காது. ஃபில்டரில் கொஞ்சம், நாசிலில் கொஞ்சம், பிரேக்கில் கொஞ்சம் என்று பல இடங்களில் கசிந்திருக்கும்.

டாடா வண்டியின் எண்ணிலேயே ஒரு கணக்கு உண்டு. 407 என்றால் 4 டன் ரகம், சுமார் 70 குதிரைத்திறன். அதேபோல 1210 என்றால் 12 டன், 100 குதிரைத்திறன். 407-ல் வந்த 497 இன்ஜின் என்பது 4 சிலிண்டர், 97 மில்லிமீட்டர் போர் என்று பொருள். இந்த 70-ல் ஐந்தில் ஒரு பங்கு தேய்ந்து போயிருந்தால் மிச்சம் 56. இழந்த 14 குதிரைத்திறனைத் திரும்பப் பெற்றாலே கரை ஏறிவிடலாம்.

முதலில் இன்ஜின்தான் குற்றவாளியா?

இழுவை இல்லை என்றதும் எல்லோரும் பானெட்டைத்தான் திறக்கிறார்கள். அதற்கு முன் காலி வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, இரண்டு மூன்று பேர் தள்ளிப் பார்க்க வேண்டும். அசைய மறுத்தால் பிரேக் எங்கோ பிடித்துக்கொண்டிருக்கிறது. பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நான்கு டிரம்களுக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் (தொட வேண்டாம், சுட்டுவிடும்) எந்தச் சக்கரம் மட்டும் அனலாக இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

அடுத்து கிளட்ச். ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதித்ததும் இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வண்டி வேகம் எடுக்காமல், கருகிய வாடை வந்தால் கிளட்ச் நழுவுகிறது. இன்ஜின் கொடுக்கும் சக்தி சக்கரத்துக்கே போய்ச் சேரவில்லை. இந்த நிலையில் டர்போ போட்டால் கிளட்ச் தட்டுதான் சீக்கிரம் கருகும்.

மூன்றாவது பரிசோதனைக்குச் செலவே கிடையாது. ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஆக்சிலேட்டரை முழுதாக மிதிக்க, இன்னொருவர் பம்ப்பில் இருக்கும் லீவரைப் பார்க்க வேண்டும். லீவர் கடைசி ஸ்டாப்பரில் போய் முட்ட வேண்டும். பழைய வண்டிகளில் லிங்க் கம்பி வளைந்தோ, புஷ் தேய்ந்தோ, மிதிக்குக் கீழே மேட் மடிந்து கிடந்தோ லீவர் முக்கால் தூரத்திலேயே நின்றுவிடுவது உண்டு. அப்படி இருந்தால் பம்ப் ஒரு நாளும் முழு டீசலைக் கொடுக்காது.

டீசலைவிடக் காற்றுதான் அதிகம் வேண்டும்

ஒரு கிலோ டீசல் முழுதாக எரிய சுமார் 14.5 கிலோ காற்று வேண்டும். லிட்டர் கணக்கில் சொன்னால், ஒரு லிட்டர் டீசலுக்கு ஏறக்குறைய 10,000 லிட்டர் காற்று. படுகை மண் பாதையின் தூசி அடைத்த ஏர் ஃபில்டர் வழியாக இவ்வளவு காற்று போக முடியாது. டர்போ இல்லாத இன்ஜின் தன் மூச்சைத் தானே இழுத்துக்கொள்ள வேண்டும் என்பதால் இந்த அடைப்பு அதை இன்னும் பலமாகப் பாதிக்கும்.

பேப்பர் ஃபில்டர் என்றால் சில நூறு ரூபாய்க்குப் புதிதாகப் போட்டுவிடுவது நல்லது. கம்ப்ரஸர் காற்றால் ஊதித்தான் ஆக வேண்டும் என்றால் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, மெதுவாக ஊத வேண்டும். வெளியிலிருந்து உள்ளே ஊதினால் தூசி பேப்பருக்குள் இன்னும் இறுகும். பேப்பர் கிழிந்தால் மண் நேராக லைனருக்குப் போகும். ஆயில் பாத் ஏர் கிளீனர் என்றால் அடியில் படிந்த சேற்றை வழித்துவிட்டு, குறியிட்ட அளவுக்கு மட்டும் புது ஆயில் ஊற்ற வேண்டும். ஃபில்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் ஹோஸில் வெடிப்பு இருந்தால் ஃபில்டர் போட்டும் பயனில்லை.

காற்றின் சூடும் முக்கியம். உள்ளே போகும் காற்று 10 டிகிரி சூடேறினால் அதன் எடை சுமார் 3 சதவிகிதம் குறைகிறது. திருச்சியில் சித்திரை வெயிலே 40 டிகிரியைத் தொடும். பானெட்டுக்குள் இருக்கும் காற்று அதைவிட 20 டிகிரி கூடுதலாக இருந்தால், அதை இழுக்கும் இன்ஜினுக்கு 6 சதவிகிதம் காற்று குறைவு. கழன்று விழுந்துபோன ஏர் இன்டேக் பைப்பைத் திரும்ப மாட்டி, இன்ஜின் சூடு படாத இடத்திலிருந்து காற்றை எடுக்கச் செய்தால் இந்த இழப்பு நிற்கும். அப்படியே ரேடியேட்டர் முன்பக்கத்தில் ஒட்டியிருக்கும் வாழைச் சருகையும் தூசியையும் தண்ணீர் அடித்துக் கழுவிவிடலாம். காற்று உள்ளே போவது போலவே வெளியேறவும் வேண்டும். கல்லில் இடித்து நசுங்கிய சைலன்சர் பைப்பும், உள்ளே கரி அடைத்த சைலன்சரும் இன்ஜினின் மூச்சைப் பிடிக்கும்.

அடுத்தது டீசல் வழி

டேங்க் அடியில் வண்டல், செடிமென்டரில் தண்ணீர், அடைத்த டீசல் ஃபில்டர், பலவீனமான ஃபீட் பம்ப், தேய்ந்த காப்பர் வாஷர் வழியாகக் காற்று இழுக்கும் லைன்: லோடு ஏறும்போது மட்டும் இன்ஜின் திணறுவதற்கு இந்த ஐந்தில் ஒன்று காரணமாக இருக்கலாம். சமதளத்தில் குறைந்த டீசலே போதும் என்பதால் குறை தெரியாது. கரை ஏறும்போதுதான் தெரியும். டேங்க்கைக் கழுவி, ஃபில்டர்களை மாற்றி, வாஷர்களைப் புதிதாகப் போட்டு, லைனில் காற்று எடுத்தால் சில ஆயிரம் ரூபாயில் முடிந்துவிடும்.

பிறகு நாசில். தேய்ந்த நாசில் டீசலைப் பனிபோல் தூவாமல் சொட்டுச் சொட்டாக ஒழுகவிடும். சொட்டு முழுதாக எரியாது, புகையாகப் போகும். நாசில்களைக் கழற்றி டெஸ்டரில் அடித்துப் பார்க்கச் சொல்லி, உரிமையாளர் பக்கத்தில் நின்று பார்க்கலாம். நான்கும் ஒரேபோல் தூவ வேண்டும், அடித்து முடித்ததும் முனை காய்ந்திருக்க வேண்டும். கூடவே டேப்பெட் கேப், பம்ப் டைமிங் இரண்டையும் கம்பெனி சொன்ன அளவுக்கு வைக்க வேண்டும்.

புகை சொல்லும் சேதி

கரும்புகை வந்தால் காற்று போதவில்லை, அல்லது டீசல் அதிகம், அல்லது நாசில் ஒழுகுகிறது. நீலப்புகை வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது. ரிங், லைனர் அல்லது வால்வ் கைடு தேய்ந்திருக்கும். இன்ஜின் சூடான பிறகும் வெண்புகை நிற்காவிட்டால் டைமிங் தவறியிருக்கலாம், கம்ப்ரஷன் குறைந்திருக்கலாம். ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்பட வேண்டும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். வந்தால் எரியும் வாயு ரிங்கைத் தாண்டிக் கீழே போகிறது.

இதைக் கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. கம்ப்ரஷன் கேஜ் வைத்து நான்கு சிலிண்டரையும் அளக்க வேண்டும். நான்கும் ஏறக்குறைய ஒரே அளவில், கம்பெனி எல்லைக்குள் இருந்தால் இன்ஜினுக்கு உயிர் இருக்கிறது. ஒன்று மட்டும் குறைந்தால் வால்வ் கிரைண்டிங்கோ, அந்த ஒரு சிலிண்டர் வேலையோ போதலாம். நான்கும் இறங்கியிருந்தால் ரிங், லைனர் மாற்றும் பெரிய வேலை. அண்ணன் சொல்லும் விற்பனையைப் பற்றி அப்போதுதான் யோசிக்க வேண்டும். இந்த அளவு தெரியாமல் விற்பதும் தவறு, செலவு செய்வதும் தவறு.

ஸ்க்ரூவைத் திருகினால் என்ன ஆகும்?

மெக்கானிக் சொல்வதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. ஸ்க்ரூவைத் திருகினால் டீசல் கூடும், முதல் வாரம் இழுவையும் கொஞ்சம் கூடினாற்போல் தெரியும். ஆனால் காற்று அதே அளவுதான். எரிய முடியாத டீசல் கரும்புகையாகிறது. எரிவது நேரம் தவறி எரிந்து, பிஸ்டன் தலையையும் எக்ஸாஸ்ட் வால்வையும் சுடவைக்கிறது. மிச்ச டீசல் லைனர் சுவரில் வழிந்து ஆயிலைக் கழுவி, கீழே ஆயிலோடு கலந்து அதை நீர்க்கச் செய்கிறது. வேர் அழுகி மஞ்சளாகும் வாழைக்கு யூரியாவை அள்ளிப் போடுவது போன்ற வேலை இது. 1,000 ரூபாயில் ஆரம்பித்து ஹெட் வெடிப்பு, பிஸ்டன் ஜாம் என்று முழு இன்ஜின் செலவில் போய் முடியலாம்.

புகைப் பரிசோதனையும் இருக்கிறது. பி.எஸ்.4-க்கு முந்தைய டீசல் வண்டிக்குப் புகை அளவு 65 ஹார்ட்ரிட்ஜ் யூனிட்டைத் தாண்டக் கூடாது. 8 வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும். ஸ்க்ரூ திருகிய வண்டி அங்கே மாட்டும்.

பம்ப்பைத் தொட வேண்டியிருந்தால் அதற்குச் சரியான இடம் டெஸ்ட் பெஞ்ச் உள்ள பம்ப் சர்வீஸ் கடை. அங்கே பம்ப்பை ஓட்டி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகும் டீசலைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து அளப்பார்கள். பழைய பம்ப்பில் ஒன்றுக்குக் கூடுதலாகவும் இன்னொன்றுக்குக் குறைவாகவும் போவது சகஜம். நான்கையும் சமமாக்கி, கம்பெனி அளவுக்குக் கொண்டுவந்து, ஸ்க்ரூவுக்கு சீல் வைத்து வாங்க வேண்டும். டேங்க்கும் ஃபில்டரும் சுத்தமான பிறகே இதைச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் புதுப்பித்த பம்ப்புக்குள் பழைய வண்டலே போகும்.

டர்போ: பொன்மலை சொல்லும் பாடம்

பழைய இன்ஜினின் சக்தியை உண்மையாகவே கூட்டிக் காட்டிய உதாரணம் திருச்சிக்காரர்களின் கண்ணெதிரே ஓடியிருக்கிறது. பொன்மலை டீசல் ஷெட்டில் இருந்த டபிள்யூ.டி.எம்.2 ரயில் இன்ஜின் 2,600 குதிரைத்திறன். அதே 16 சிலிண்டர் வடிவமைப்பை மேம்படுத்தி வந்த டபிள்யூ.டி.எம்.3ஏ 3,100 குதிரைத்திறன். ஆனால் ரயில்வே ஒரு ஸ்க்ரூவைத் திருகி அந்த 500-ஐ எடுக்கவில்லை. திறன் கூடிய டர்போ, காற்றைக் குளிர்விக்கும் பெரிய ஆஃப்டர் கூலர், பெரிய ஃபியூவல் பம்ப், வேறு பிஸ்டன், வேறு கேம் ஷாஃப்ட் என்று ஒன்றுக்கொன்று பொருந்தும்படி எல்லாவற்றையும் சேர்த்து மாற்றியது.

லாரிக்கும் இதே விதிதான். டர்போவுக்கு ஆயில் போகவும் திரும்பவும் தனி லைன் வேண்டும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மாற வேண்டும். கூடும் அழுத்தத்தையும் சூட்டையும் தாங்கும் பிஸ்டன், ஹெட் கேஸ்கெட், ரேடியேட்டர், கிளட்ச் வேண்டும். பம்ப் செட்டிங்கும் மாற வேண்டும். காயலான் கடை டர்போவைத் தேய்ந்த இன்ஜினில் மாட்டும் 80,000 ரூபாயில் இத்தனையும் அடங்கியிருக்கிறதா என்று எழுதி வாங்கிப் பார்த்தால் விடை தெரிந்துவிடும்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள கம்பெனி விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றத் தடை விதிக்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ 6 மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸிலும் சிக்கல் வரும்.

கரை ஏற இன்னும் இரண்டு வழிகள்

ஜீயபுரம் விவசாயியின் பிரச்னை நெடுஞ்சாலை வேகம் அல்ல. படுகையிலிருந்து ஏறும் அந்தச் சில மீட்டர்தான். அங்கே கணக்கு எளிது. பத்தடிக்கு ஓரடி உயரும் சரிவில், வண்டியும் பாரமும் சேர்ந்த ஒவ்வொரு டன்னுக்கும் கூடுதலாக 100 கிலோ இழுவை வேண்டும். மொத்தம் 6 டன் என்றால் 600 கிலோ, 5 டன் என்றால் 500. ஒரு தார் சராசரியாக 13 கிலோ என்று வைத்தால் 77 தாரைக் குறைத்தாலே ஒரு டன் இறங்கிவிடும். ஆர்.சி.யில் உள்ள மொத்த எடைக்கு மேல் ஏற்றினால் 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கு 2,000 ரூபாயும் அபராதம் என்பதும் நினைவிருக்க வேண்டும்.

சரிவையும் மாற்றலாம். எட்டடிக்கு ஓரடி என்று செங்குத்தாக இருக்கும் ஏற்றத்தைப் பன்னிரண்டு அடிக்கு ஓரடியாக நீட்டினால், 5 டன் வண்டிக்கு வேண்டிய இழுவை 625 கிலோவிலிருந்து சுமார் 417 கிலோவாக இறங்குகிறது. எந்த டர்போவும் இவ்வளவு மலிவாக இதைக் கொடுக்காது. சொந்த வயல் பக்கத்தில் மண்ணும் கிராவலும் கொட்டி ஏற்றத்தை நீட்டலாம். ஆற்றங்கரை அரசுக்குச் சொந்தம். நீர்வளத் துறை அனுமதி இல்லாமல் அதை வெட்டவோ நிரவவோ கூடாது.

இன்னொரு வழி கிரவுன், பினியன். 41 பல் கிரவுனுக்கு 7 பல் பினியன் என்றால் விகிதம் 5.86. அதுவே 6 பல் பினியன் என்றால் 6.83. சக்கரத்துக்குப் போகும் இழுவை ஏறக்குறைய 17 சதவிகிதம் கூடும். அதற்கு விலையாக, அதே இன்ஜின் சுற்றில் வண்டி வேகம் 14 சதவிகிதம் குறையும். படுகைக்கும் மார்க்கெட்டுக்கும் மட்டும் ஓடும் வண்டிக்கு இது நல்ல பேரம். வெளியூருக்கு ஓடும் வண்டிக்கு நஷ்டம். அந்த மாடலுக்கே கம்பெனி கொடுத்த விகிதங்களுக்குள் மட்டும், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிட்டு மாற்ற வேண்டும். கம்பெனி அளவைவிடப் பெரிய டயர் போட்டிருந்தால், அதை மாற்றினாலே இழந்த இழுவையில் கொஞ்சம் திரும்பும்.

தைக்குள் எடுக்க வேண்டிய முடிவு

முதல் நாள்: பிரேக், கிளட்ச், ஆக்சிலேட்டர் லீவர். இரண்டாம் நாள்: ஏர் ஃபில்டர், ஹோஸ், சைலன்சர், டேங்க், டீசல் ஃபில்டர். பிறகு ஒரு லோடு ஏற்றி அதே கரையில் ஏற்றிப் பார்க்க வேண்டும். ஏறிவிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஏறாவிட்டால் நாசில், டேப்பெட், டைமிங், கம்ப்ரஷன் அளவு. கம்ப்ரஷன் நன்றாக இருந்தால் மட்டும் பம்ப் பெஞ்ச் செலவு. கம்ப்ரஷன் நான்கிலும் இறங்கியிருந்தால், இன்ஜின் வேலைக்கு எழுத்தில் ஒரு மதிப்பீடும், வண்டி இப்போது போகும் விலையும், வருடத்துக்கு எத்தனை நடை ஓடுகிறது என்ற கணக்கும் வைத்துக்கொண்டு அண்ணனும் தம்பியும் உட்கார்ந்து பேசலாம். நடை குறைவு என்றால், வெட்டு நாளில் மட்டும் வாடகை வண்டி பிடிப்பது லாபமாக இருக்கும். அண்ணன் சொல்வது சரி என்றுகூட ஆகலாம். ஆனால் அதைச் சொல்ல வேண்டியது கேஜ்.

இழுவை கூடிய வண்டி இறங்கும்போதும் அதே பாரத்தோடுதான் இறங்கும் என்பதால், மிச்சமாகும் பணத்தில் முதல் பங்கு பிரேக் லைனிங்குக்குப் போக வேண்டும்.

கேள்வி: "டீசலில் கலந்தால் பவர் கூடும் என்று பாட்டில் மருந்து விற்கிறார்கள். சிலர் மண்ணெண்ணெய் கலக்கச் சொல்கிறார்கள். டீசல் லைனில் காந்தம் மாட்டலாம் என்றும் சொல்கிறார்கள். எது பயன் தரும்?"
- வாசகர், லால்குடி.

பதில்: இழுவையைக் கூட்ட மூன்றுமே உதவாது. சில மருந்துகள் நாசிலில் படிந்த கசடைக் கொஞ்சம் கரைக்கும், சில குளிரில் ஸ்டார்ட் ஆக உதவும். டீசலில் இல்லாத சக்தியை அவை உண்டாக்குவதில்லை. மண்ணெண்ணெய்க்கு டீசல் அளவு வழவழப்பு கிடையாது. பம்ப்பின் எலிமென்ட்டும் நாசிலும் டீசலாலேயே உயவு பெறுபவை. மண்ணெண்ணெய் அவற்றைத் தேய்க்கும். ரேஷன் மண்ணெண்ணெயை வண்டிக்கு ஊற்றுவது சட்டப்படியும் குற்றம். காந்தம் போன்ற எரிபொருள் மிச்சக் கருவிகளில் 100-க்கும் மேற்பட்டவற்றை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஆராய்ந்தது. எதுவும் மைலேஜைக் குறிப்பிடும்படி கூட்டவில்லை.

கேள்வி: "எங்கள் லாரியில் கம்பெனி டர்போவே இருக்கிறது. ஆனாலும் நெல் மூட்டை ஏற்றினால் திணறுகிறது, கரும்புகை வருகிறது. டர்போ போய்விட்டதா?"
- வாசகர், மண்ணச்சநல்லூர்.

பதில்: டர்போவை மாற்றுவதற்கு முன், டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் அங்கிருந்து இன்ஜினுக்கும் போகும் ரப்பர் ஹோஸ்களைப் பார்க்க வேண்டும். கிளாம்ப் தளர்ந்தாலோ ஹோஸில் சிறு கிழிசல் இருந்தாலோ அழுத்திய காற்று வெளியே போய்விடும். டீசல் மட்டும் முழு அளவில் போகும். சோப்பு நீர் தடவி, இன்ஜினை ரேஸ் செய்தால் கசியும் இடத்தில் நுரை கிளம்பும். அங்கே எண்ணெய்ப் பிசுக்கும் படிந்திருக்கும். ஹோஸ்கள் சரியாக இருந்தால், இன்ஜினை நிறுத்தி ஆறவிட்டு, டர்போ ஷாஃப்ட்டை விரலால் சுற்றிப் பார்க்கலாம். தடையில்லாமல் சுற்ற வேண்டும். இறக்கை உறையில் உரசக் கூடாது. டர்போ நீண்ட நாள் உழைக்க வேண்டுமானால், லோடு இழுத்து வந்ததும் இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில் விட்டு, சூடு தணிந்த பிறகே இன்ஜினை நிறுத்த வேண்டும்.